இரண்டு பேருக்கு நடுவே எரெந்திரா

பொய் சொல்ல வேண்டும் என்று எரெந்திரா நினைக்கவே இல்லை. கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். சுருக்கியதில் ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க ஒன்றைச் சேர்த்தாள். சேர்த்தது துருத்திக்கொண்டு நின்றதால் அதை மறைக்க இன்னொன்று. பத்தே நாளில், பத்து வயதுப் பெண் ஒருத்தி தனியாளாகக் கட்டிய கட்டடம் யாக்கிமா பள்ளத்தாக்கில் எழும்பி நின்றது. கடைசியில் அது இடிந்தது ஒரு கறிக்கடையில்.

மே மாதம்தான் அவளும் அம்மாவும் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். அம்மா ஒப்துலியாவுக்குச் செர்ரிப் பழம் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை. செர்ரி பழுக்கும் காலத்தில் பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்விக்கு ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் உண்டு: பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்பு. நாலு வாரம். இரண்டு வேளைச் சாப்பாடு, கண்ணாடிக் குவளையில் அவரை முளைக்க வைப்பது, குச்சியை விட்டுக் கால்வாய்த் தண்ணீரின் ஆழம் அளப்பது, ரொட்டியை வெட்டிப் பின்னக் கணக்குப் போட்டு முடித்ததும் அந்தக் கணக்கைத் தின்றுவிடுவது. இவை எல்லாமே இரண்டு மொழியில்.

இரண்டு மொழிக்கும் இரண்டு அறை. சிவப்பு அறையில் ஸ்பானிஷ், நீல அறையில் ஆங்கிலம். சிவப்பு அறை வாத்தியார் ஃபிதென்சியோ கழுத்தில் சிவப்புக் குட்டை கட்டியிருப்பார். நீல அறை டீச்சர் மிஸஸ் ஹால்வர்சன் கழுத்தில் நீலக் குட்டை. பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதுதான் சட்டம். ஃபிதென்சியோ வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் வர்ணனை சொல்கிறவர். ஆனால் சிவப்பு அறையில் ஒரு பையன் ஆங்கிலத்தில் "பாத்ரூம் போகணும் சார்" என்று கெஞ்சினால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதுபோல நாலா பக்கமும் பார்ப்பார். பையன் காலை இடுக்கிக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷில் கற்றுக்கொள்வான். பிறகு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

வாத்தியார் நடிக்கிறார் என்பதை எரெந்திரா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. மிஸஸ் ஹால்வர்சனும் நடிக்கலாம் என்ற யோசனை மட்டும் அவளுக்கு வரவில்லை. அவருக்குக் கேரட் நிறத்தில் முடி, முகம் முழுக்கப் புள்ளிகள், வாயில் நுழையாத பெயர். இப்படிப்பட்ட முகத்துக்குள் ஸ்பானிஷ் எந்த வழியாக நுழையும்? தன் மூளையை எரெந்திரா அந்த இடத்தோடு நிறுத்திவைத்தாள். அந்தத் தைரியத்தில்தான் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி தோழி மிலாக்ரோஸிடம் ஸ்பானிஷில் சொன்னாள்: "அந்த மிஸ் மூக்கப் பாரேன். மண்ணுலேருந்து இப்பதான் புடுங்கின முள்ளங்கி மாதிரி இல்ல?" மிலாக்ரோஸுக்குக் குடித்த பால் புரையேறியது. இரண்டடி தள்ளி நின்ற மிஸஸ் ஹால்வர்சன் மூக்கை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று எரெந்திரா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் லொத்தெரியா என்ற சீட்டாட்டம் தொடங்கியது. பலகையில் வரிசைக்கு நாலாக, நாலு வரிசைப் படங்கள் இருக்கும். கூவுகிறவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, அந்தப் படத்தைப் பற்றி ஒரு குறும்பு வரி சொல்லிவிட்டுப் பெயரைக் கூவுவார். அந்தப் படம் தன் பலகையில் இருக்கிறவர் அதன்மேல் ஓர் அவரைக்கொட்டையை வைப்பார். ஒரு வரிசை முழுசாக நிறைந்தால் "லொத்தெரியா!" என்று கத்த வேண்டும். கடையில் விற்கிற சீட்டு வேண்டாம், நம் ஊரையே சீட்டாகப் போடுவோம் என்று முடிவானது. ஒருவன் கால்வாயை வரைந்தான். ஒருத்தி மூன்று காலில் நிற்கிற தோட்டத்து ஏணியை வரைந்தாள். காக்கை விரட்ட வெடிக்கிற காஸ் துப்பாக்கி, மஞ்சள் பஸ், எல்லோரையும் கடித்த அந்த ஒரு நாய் என்று மொத்தம் இருபத்துநாலு படம். வரைய வராத எரெந்திரா வரிகளை எழுதினாள். இருபத்துநாலுக்கும் அவளே எழுதினாள், இரண்டு மொழியிலும். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்து எழுதினால் யாரும் பேசச் சொல்லமாட்டார்கள் என்று எழுதினாள். அங்கேதான் அவள் கணக்கு முதலில் தப்பியது.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு நீல அறை வாசலில் அம்மா வந்து நின்றாள். தலையில் கூடத்து வலைத்தொப்பி, கைகளில் மணிக்கட்டு வரை செர்ரிக் கறை. பின்னால் நாலு பெண்களோடு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நீலக் குட்டை கழுத்தில் இருந்ததால் மிஸஸ் ஹால்வர்சன் ஆங்கிலத்தில் சொன்னார்:

"அம்மாகிட்ட சொல்லு எரெந்திரா. எல்லா வரியும் நீ எழுதினதுதான், அவ்வளவு நல்லா இருக்கு. அதனால கடைசி வெள்ளிக்கிழமை எல்லாக் குடும்பமும் வர்ற அன்னிக்கு நீதான் சீட்டு கூவப்போற. அம்மா முன் வரிசையில உக்காரணும்."

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" சொல்வதற்கே எரெந்திராவின் குரல் பாதி வழி வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். நாற்பது குடும்பத்துக்கு முன்னால் மேடையில் ஏறி அவள் கூவுவதா?

"என்னவாம் கண்ணு?" என்றாள் அம்மா.

"மத்தியானம் நான் சரியா சாப்பிடுறதில்லையாம்."

"ஏன் சாப்பிடலையாம்? அங்க என்னதான் போடுறாங்கன்னு கேளு."

எரெந்திரா ஆங்கிலத்துக்கு மாறினாள். "அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமாம் மிஸ். ஆனா அந்த வெள்ளிக்கிழமை என்னை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம்."

மிஸஸ் ஹால்வர்சன் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். கழுத்துக் குட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியா? எந்தப் பல்லு?"

"எல்லாம்" என்றாள் எரெந்திரா.

"டீச்சர் ஏன் சிரிப்ப அடக்கிக்கிற மாதிரி இருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வெயில்ல கண்ணு கூசுதாம்மா."

அன்று மாலை தன் சாமர்த்தியத்தை எண்ணி அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நடுவில் நிற்கிறவளுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஆனால் டீச்சர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை, "பல் டாக்டர் காலையிலயா, மத்தியானமா? நாம ஆட்டத்த மாத்தி வச்சுக்கலாமே" என்றார். "நாள் பூராவும் மிஸ்" என்றாள் எரெந்திரா. "பாவம்! எல்லாப் பல்லும்னா நேரம் ஆகத்தான் செய்யும்" என்றார் அவர்.

இவ்வளவு நீளமாக என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டாள். நீளத்துக்குத் தகுந்த சரக்கு ஒன்று வேண்டியிருந்தது. மிஸஸ் ஹால்வர்சன் ஒரு கிழட்டுப் பூனையோடு தனியாக இருக்கிறார், அவருக்குச் சமைக்கவே தெரியாது, டப்பாவில் வருவதைத்தான் தின்கிறார் என்று எரெந்திரா எடுத்துவிட்டாள். அம்மாவின் முகம் இளகியது. புதன்கிழமை அவள் தங்கள் மிச்சோவகான் ஊர் வழக்கப்படி சோளமாவைச் சோள இலையில் முக்கோணமாகச் சுற்றி வேகவைத்த கொருந்தா இருபதைத் துணியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லு. பூனைக்கு மட்டும் குடுக்க வேணாம்."

"அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க மிஸ்" என்று பூனையை விழுங்கிவிட்டுச் சொன்னாள் எரெந்திரா.

கொருந்தாவின் இலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது பழகாத கைக்குப் பிடிபடாது. மிஸஸ் ஹால்வர்சன் சரியான மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் சரசரவென்று உரித்து, நின்ற இடத்திலேயே இரண்டைத் தின்றார். எரெந்திரா அதையும் கண்ணால் பார்த்தாள். டீச்சர்களுக்குக் கை சுத்தம் என்று முடிவுக்கு வந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அம்மாவின் ஒரு கேள்வியைத் தவிர.

"வேன்ல எல்லாரும் கடைசி வெள்ளிக்கிழமைக்கு லீவு கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துல ஏதோ விழாவாமே?"

"அது சின்னப் பசங்களுக்கும்மா. பெரிய பசங்க பெஞ்சு துடைக்கணும்."

"நீ பெஞ்சு துடைப்பியா? வீட்டுல ஒரு தட்டுகூடத் துடைச்சு நான் பாத்ததில்லையே. அதைப் பாக்கறதுக்கே லீவு போடலாம் போலிருக்கு." அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிக்காமல், "எனக்கு மூணாவதோட படிப்பு நின்னுபோச்சு. பள்ளிக்கூடத்து விழாவெல்லாம் நான் பாத்ததில்ல" என்றாள். எரெந்திரா வேனின் ஜன்னல் வழியாகத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவரை ஒவ்வொரு மரத்தையும் அவ்வளவு கவனமாக அவள் பார்த்ததே இல்லை.

கடைசி வாரம் புதன்கிழமை. காலையில் மழை பெய்துவிட்டதால் பறிப்பும் இல்லை, பிரிப்பும் இல்லை. அம்மா சீக்கிரம் வந்து அவளை அழைத்துக்கொண்டாள். வீட்டில் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு, நாலு மணிக்கு இருவரும் எலீசெயோவின் கறிக்கடைக்குப் போனார்கள். எலீசெயோ மிலாக்ரோஸின் அப்பா. கத்தியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் மனிதர்.

கதவைத் திறந்ததுமே உள்ளே சண்டை கேட்டது. ஸ்பானிஷில், அதுவும் ஹலிஸ்கோ மலைப்பக்கத்து இழுவையோடு ஒரு பெண் குரல்:

"இது தோள்கறியா எலீசெயோ? உங்க பழைய செருப்ப வெட்டி வச்சுட்டு தோள்கறிங்கறீங்களே! எங்கம்மா இருந்திருந்தா இதாலேயே உங்கள அடிச்சிருப்பா!"

"செவத்தக்கா, பதினோரு வருஷமா இதே கறியத்தான் வாங்குறீங்க, இதே திட்டத்தான் திட்டுறீங்க. உங்களுக்கும் பல்லு போகல, எனக்கும் மானம் போகல!"

கேரட் நிறத் தலை திரும்பியது.

எரெந்திராவின் கால் தானாகப் பின்னால் போய், கூரையிலிருந்து தொங்கிய காகிதக் கழுதை பொம்மைக்குப் பின்னால் ஒளிந்தது. பொம்மை தாழத் தொங்கியது, அவள் இடுப்பளவுதான் வந்தது.

மிஸஸ் ஹால்வர்சனின் கை கழுத்துக்குப் போனது. அங்கே குட்டை இல்லை. ஆனால் அவர் சட்டத்தைக் கழுத்தில் கட்டியிருந்தவர் இல்லை போலும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கண்ணில் பட்ட மாத்திரத்தில் அந்தக் கறிக்கடை நீல அறையாகிவிட்டது. நிமிர்ந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், "மத்தியான வணக்கம் எரெந்திரா. உங்க அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார்.

எலீசெயோவின் கத்தி அந்தரத்தில் நின்றது. "என்னாச்சு செவத்தக்கா? இந்த நிமிஷம் வரைக்கும் நல்லாத்தானே திட்டிக்கிட்டு இருந்தீங்க? தலை கிலை சுத்துதா?"

ஒப்துலியா செர்ரி பிரிக்கிறவள். ஓடுகிற பட்டையில் ஆயிரம் பழத்துக்கு நடுவில் அழுகிய பழம் எது என்று பார்த்து எடுக்கிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணால் டீச்சரைப் பார்த்தாள். பிறகு காகிதக் கழுதைக்கு மேலே தெரிந்த மகளின் தலையைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"இங்க வா கண்ணு. டீச்சர்கிட்ட கேளு. வெள்ளிக்கிழமை என்ன நடக்குது?"

ஸ்பானிஷில் கேட்ட கேள்வி அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மிஸஸ் ஹால்வர்சன் எரெந்திராவின் வாயைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். எரெந்திரா கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு தேவையில்லாத ஒரு வேலையை அவள் செய்ததில்லை.

"சீட்டு கூவப்போறது உங்க பொண்ணுதான்னு சொல்லு" என்றார் அவர் ஆங்கிலத்தில். "முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்னு சொல்லு. பல் டாக்டர் அனுமதி குடுத்தா வரலாம்."

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பத்து நாள் பழகிய வாய், அவளைக் கேட்காமலே அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

"பெஞ்சு துடைக்கணுமாம்மா."

"ஏ புள்ள!" எலீசெயோ கத்தியைப் பலகையில் குத்தினார். "அவங்க அப்படியா சொன்னாங்க? எனக்கும்தான் இங்கிலீஷ் தெரியும்! ஒப்துலியாம்மா, உங்க பொண்ணு மேடையில சீட்டு கூவப்போறாளாம். உங்களுக்கு முன் வரிசையில நாற்காலியாம். அப்புறம் ஏதோ பல் டாக்டராம், அது எனக்கு விளங்கல."

"எனக்கு விளங்குது" என்றாள் அம்மா. கறி வாங்காமல் வெளியே நடந்தாள்.

கால்வாய் ஓரமாக வீடு வரை ஒரு மைல். அம்மா முன்னால் நடந்தாள். எரெந்திரா திட்டுக்காகக் காத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். திட்டு வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வந்தா உனக்கு வெக்கமா இருக்குமா?" அம்மா தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இந்தக் கறை போகாது. தொப்பிய வேணும்னா கழட்டிட்டு வந்திருப்பேன்."

"ஐயோ, இல்லம்மா! உன்னால இல்ல. என் குரலு... எல்லாரும் என்னையப் பாப்பாங்க. நான் கூவினா யாருக்கும் கேக்காது. சிரிப்பாங்க."

"அதுக்கு நீ ஒளிஞ்சுக்கணும். என்னைய ஏன் ஒளிச்ச?"

இருபத்துநாலு படத்துக்கும் வரி எழுதிய கெட்டிக்காரிக்கு இது மட்டும் தட்டுப்படவே இல்லை: தன்மேல் போர்த்திக்கொள்ள இழுத்த துணி முழுவதும் அம்மாவின்மேல் போய் விழுந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் வரல" என்றாள் அம்மா. "உனக்குக் கூவ முடியாதுன்னா டீச்சர்கிட்ட நீயே நேரா சொல்லிடு. பல்லு, பூனைன்னு சுத்த வேணாம். கூவறதா இருந்தா அதையும் நீயே வந்து எங்கிட்ட சொல்லு."

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலிலேயே மிலாக்ரோஸ் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் கடையில் நடந்ததையெல்லாம் கத்தியைக் குத்துவது வரை நடித்துக் காட்டியிருந்தார்.

"உனக்கு நெஜமாவே தெரியாதா? மிஸ்ஸோட அம்மாவுக்குச் சொந்த ஊரு ஹலிஸ்கோடி! ஹால்வர்சன்ங்கறது புருஷன் பேரு. ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்குக்கூடத் தெரியுமே!"

"அப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல? முள்ளங்கின்னு சொன்னேனே!"

"நீ தெரிஞ்சுதான் சொல்றேன்னு நெனச்சோம். உன்னைய மாதிரி தைரியம் யாருக்கு வரும்னு சிவப்பு ரூம்ல ஒரே பேச்சு."

ஊரிலேயே தைரியசாலி என்று பெயர் வாங்கியிருந்த எரெந்திரா, நீல அறைக்குள் போவதற்குமுன் குழாயடியில் மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

மிஸஸ் ஹால்வர்சன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கழுத்தில் நீலக் குட்டை.

"மிஸ்" என்றாள் ஆங்கிலத்தில். "நான் உங்க மூக்கப் பத்தி ஒண்ணு சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"மூக்கா? இங்கிலீஷ்ல அப்படி எதுவும் எங்காதுல விழலையே." அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. "பல்லு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு மிஸ்."

"எல்லாமா?"

"எல்லாம். நானே கூவுறேன். ஆனா மைக்குல கூவினாலும் என் குரலு கேக்காது."

"கேக்கலன்னா சொல்லுவாங்க. லொத்தெரியா ஆடுறவங்களுக்கு வாய்க்கென்ன குறைச்சல்?"

அன்று இரண்டரை மணிக்கு நீல வாசலில் டீச்சர் சொன்னதை எரெந்திரா ஒரு சொல் குறையாமல் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் டீச்சரிடம் சொன்னாள். அப்படிச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் வேலை முடிந்துவிடுகிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில், "நான்தாம்மா கூவப்போறேன்" என்று தன் பங்குக்கும் சொன்னாள். அம்மா, "லீவு கேட்டுப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்தின் விதியை ஃபிதென்சியோ வாத்தியார் ஒரு மொழியிலும் மிஸஸ் ஹால்வர்சன் இன்னொரு மொழியிலும் சொன்னார்கள்: ஒரு சீட்டு ஸ்பானிஷில் கூவப்படும், அடுத்த சீட்டு ஆங்கிலத்தில். மேடையிலிருந்து மொழிபெயர்ப்பு கிடையாது. பெரியவர்களுக்குப் புரியாததைப் பக்கத்தில் உட்காரும் அவரவர் பிள்ளை காதில் சொல்ல வேண்டும். நாலு வாரமும் படித்தது அதற்குத்தானே.

எரெந்திரா மேடையேறினாள். முன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தொப்பி இல்லை, தலையை ஈரமாகச் சீவியிருந்தாள். மடியில் பலகை, கையில் அவரைக்கொட்டை. பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டிய பிள்ளை மேடையில் நின்றுகொண்டிருந்தது.

முதல் சீட்டு ஸ்பானிஷில். "மூணு காலு இருக்கு, நடக்கத் தெரியாது. உன்னைய மேல ஏத்தும், தான் ஏறாது. ஏணி."

"என்ன, கொசுவா கூவுது?" என்று பின்னாலிருந்து எலீசெயோ கத்தினார். கூடம் சிரித்தது. அவள் பயந்த அதே சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்ததும் எல்லோரும் அடுத்த சீட்டுக்காக அவளையே பார்த்தார்கள். சிரிப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவள் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது ஆங்கிலத்தில். "படுத்தபடியே ஊரச் சுத்துறான், பாய மட்டும் சுருட்டமாட்டான். கால்வாய்."

கூடம் முழுக்கப் பிள்ளைகள் பெற்றோர் காதில் கிசுகிசுத்தார்கள். அம்மா கையில் கொட்டையோடு மேடையைப் பார்த்தாள். அவள் பலகையில் கால்வாய் இருந்தது, மேடையிலிருந்தே எரெந்திராவுக்குத் தெரிந்தது. கொட்டை பலகைக்குப் போகவில்லை.

மூன்றாவது ஸ்பானிஷில், நாய். அம்மா கொட்டை வைத்தாள். நாலாவது ஆங்கிலத்தில். "தினமும் சுடுவான், ஒருத்தரும் சாகமாட்டாங்க. ரெண்டாம் நாள் காக்காவே சிரிக்கும். காக்கா துப்பாக்கி." அம்மா இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளையின் வாய்க்குக் காதைக் கொடுத்திருந்தார்கள். அம்மா ஏதோ புரிந்துவிட்டதுபோலப் புன்னகை செய்துகொண்டு கொட்டையை மறுபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

எரெந்திரா மைக்கை இறக்கினாள். "அம்மா! துப்பாக்கி! மூணாவது வரிசை, ஓரத்துல. முன்னாடி சொன்னது கால்வாய், அதே வரிசைதான்!"

மைக் இல்லாமலே அது பின்சுவர் வரை கேட்டது. அம்மா இரண்டு கொட்டையை வைத்தாள். அந்த வரிசையில் நாய் ஏற்கெனவே இருந்தது. அடுத்ததாக ஸ்பானிஷில் மஞ்சள் பஸ் வந்தது.

"லொத்தெரியா!" என்று ஒப்துலியா எழுந்து நின்றாள்.

"திருட்டு ஆட்டம்!" எலீசெயோவும் எழுந்துவிட்டார். அவருக்கு ஒரே ஒரு படம்தான் பாக்கி. "கூவுற ஆளே அம்மாவுக்கு எடுத்துக்குடுத்தா அது ஆட்டமா? டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க!"

"ஆமா, சொல்லுங்க!" என்று பத்துக் குரல்கள் ஸ்பானிஷில் எழும்பின.

மிஸஸ் ஹால்வர்சன் நீலக் குட்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். "மன்னிக்கணும், எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் ஆங்கிலத்தில். "எரெந்திரா, என்ன சொல்றாங்க?"

கூடம் அடங்கியது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எரெந்திரா மைக்கைத் தூக்கினாள். அவளுக்கு எதிரான புகாரை அவளே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பல் டாக்டர், பூனை, பெஞ்சு எல்லாம் உதவிக்கு வரத் தயாராக நாக்கு நுனியில் நின்றன.

"நான் திருட்டு ஆட்டம் ஆடிட்டேன்னு சொல்றாங்க மிஸ்" என்றாள். "கூவுற ஆளு யாருக்கும் உதவி பண்ணக்கூடாதாம். நான் எங்கம்மாவுக்குப் பண்ணிட்டேன்."

"இவ்வளவுதானா?"

"இல்ல. என் குரலு கொசு மாதிரி இருக்குன்னும் சொன்னாங்க. அது மொதல்லயே சொன்னது."

"நீ பண்ணினது நெஜமா?"

"நெஜம் மிஸ்."

"அப்ப இதையும் அவங்களுக்குச் சொல்லு. ஜெயிச்சது செல்லாது. ஆட்டம் விட்ட இடத்துலேருந்து நடக்கும். துணைக்கு ஆள் இல்லாம ஒருத்தர உக்கார வச்சது எங்க தப்பு. மிலாக்ரோஸ் வந்து அந்த நாற்காலியில உக்காரட்டும்."

எரெந்திரா எதையும் விடாமல் ஸ்பானிஷில் சொன்னாள். 'ஜெயிச்சது செல்லாது' என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"என் பொண்ண எடுத்துக்கிட்டா எனக்கு யாரு இங்கிலீஷ் சொல்றது?" என்று எலீசெயோ குதித்தார்.

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே மாமா! கறிக்கடையில எல்லாரும் கேட்டோமே!" என்று மேடையிலிருந்து எரெந்திரா கத்தினாள். கூடம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கு இருந்தது.

மிலாக்ரோஸ் ஓடிவந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒப்துலியா உட்கார்ந்து, மகள் எடுத்துக்கொடுத்த இரண்டு கொட்டைகளை மட்டும் பலகையிலிருந்து பொறுக்கி எடுத்தாள். நாயும் பஸ்ஸும் அப்படியே இருக்கட்டும், அவை அவளே கேட்டு வைத்தவை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் மேடையைப் பார்த்து. "கூவு. சத்தமா கூவு, எலீசெயோவுக்குக் காது மந்தம்."